குனிந்து பார்க்க வேண்டிய விமானம்

வாசகர் கேள்வி – பதில்
(பதில் சொல்பவர்: விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடற்பகுதியைப் பழுதுபார்ப்பவராக, வேலை பார்த்து ஓய்வுபெற்ற பழைய வண்ணாரப்பேட்டைக்காரர்)

சென்ற இதழில், பெங்களூருவில் விமானம் செய்யும் எச்.ஏ.எல். நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் நிற்கும், இந்தியாவிலேயே செய்த தரைத்தாக்குதல் போர் விமானமான மாருத்தைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். 'எதிரே நின்று போட்டோ எடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். வயிற்றுப் பக்கம் குனிந்து பாருங்கள்' என்று அதில் ஒரு வரி. அதைப் பிடித்துக்கொண்டு வடசென்னை முழுக்கக் கேள்வி கேட்டிருக்கிறது. இந்த முறை எல்லாமே மாருத் கேள்விகள்தான். மிக்ஸி மோட்டார், இன்வெர்ட்டர் பேட்டரி கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுக்க வேண்டும்.

*வியாசர்பாடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: போர் விமானம் என்றாலே எதிரி விமானத்தைச் சுட்டு வீழ்த்துவதுதானே சார்? தரைத்தாக்குதல் விமானம் என்று தனியாக ஒன்று எதற்கு?*

வியாசர்பாடிக்காரருக்குக் குத்துச்சண்டையை வைத்துச் சொன்னால் போதும். ஒருவர் எட்ட நின்று கால் மாற்றி மாற்றி ஆடுவார், கையில் சிக்கமாட்டார். இன்னொருவர் கிட்டப் போவார், உடம்பில் நாலு வாங்குவார், உடம்பிலேயே திருப்பிக் கொடுப்பார். தரைத்தாக்குதல் விமானம் இந்த இரண்டாவது ஆள். ராடார் கண்ணில் படாமலிருக்கத் தரையை ஒட்டியே போக வேண்டும். டாங்கி, லாரி வரிசை, ரயில், விமானத்தளம் என்று கொடுத்த இலக்கை அடிக்க வேண்டும். கீழே இருப்பவன் துப்பாக்கி, பீரங்கி என்று கையில் கிடைத்ததையெல்லாம் வைத்துச் சுடுவான். ஓட்டை விழுந்தாலும் வீடு திரும்ப வேண்டும்.

அதற்கு மாருத்தில் என்ன இருந்தது? மூக்கில் நாலு 30 மில்லிமீட்டர் ஏடன் பீரங்கிகள். ஒவ்வொன்றுக்கும் 120 குண்டு. கேட்க நிறைய மாதிரி இருக்கும். ஏடன் நிமிடத்துக்கு 1,200 குண்டுக்குக் குறையாமல் தள்ளுகிற சாமான். கணக்குப் போட்டுப் பாருங்கள், விசையை அழுத்திப் பிடித்தால் ஆறே விநாடியில் பெட்டி காலி. விமானி அரை விநாடி, ஒரு விநாடி என்று சிக்கனமாகத்தான் செலவழிப்பார். நாலும் ஒரே நேரத்தில் சுட்டால் மூக்குப் பகுதியே அதிரும். அந்த அதிர்வால் வந்த தொல்லைகள் தனிக் கதை.

வயிற்றுக்குள் ராக்கெட் பெட்டி ஒன்று உண்டு. 68 மில்லிமீட்டர் ராக்கெட் 50 அதில் அடங்கும். சுடுகிற நேரத்தில் பெட்டி கீழே இறங்கும், முடிந்ததும் உள்ளே போய் மூடிக்கொள்ளும். இறக்கைக்கு அடியில் நாலு குண்டு மாட்டலாம், ஒவ்வொன்றும் சுமார் 450 கிலோ. குனிந்து பாருங்கள் என்று நான் சொன்னது இதற்காகத்தான். மேலே இருந்து பார்த்தால் அழகான விமானம். அதன் பிழைப்பெல்லாம் அடிவயிற்றில்தான் நடந்தது.

*பெரம்பூரிலிருந்து, ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற வாசகர்: ஒலியைத் தாண்டிப் பறக்க வேண்டும் என்று செய்த விமானம், தாண்டவே இல்லையாமே. அப்படியானால் அது தோல்விதானே? அதை எதற்கு அருங்காட்சியகத்தில் வைத்துக் கொண்டாட வேண்டும்?*

ரயில் பெட்டி செய்த கையால் எழுதிய கேள்வி என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

இதை வடிவமைத்தவர் கூர்ட் டாங்க் என்ற ஜெர்மானியர். இரண்டாம் உலகப் போரில் ஃபோக்க வுல்ஃப் 190 விமானத்தைக் கொடுத்தவர். போர் முடிந்ததும் அர்ஜென்டினா போனார், அங்கிருந்து இந்தியா வந்தார். நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலும் இருந்திருக்கிறார். அப்துல் கலாம் அங்கே விமானப் பொறியியல் படித்தபோது இவரும் ஆசிரியர்களில் ஒருவர். எம்.ஐ.டி. 1949-ல் சி. ராஜம் தொடங்கிய கல்லூரி. மாருத் கதையில் சென்னைக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு என்று பெங்களூருக்காரர்களிடம் நான் விடாமல் சொல்வது வழக்கம். அவர்கள் கண்டுகொள்வதில்லை.

1956-ல் பெங்களூருவில் வேலை தொடங்கியது. முதலில் அதே வடிவத்தில் முழு அளவு மரக் கிளைடர் ஒன்று செய்தார்கள். அதை ஒரு டகோட்டா விமானம் கயிறு கட்டி மேலே இழுத்துப் போய் விட, எஞ்சின் இல்லாமலே பறக்கவிட்டு 1959-ல் குணம் பார்த்தார்கள். அசல் விமானம் 1961 ஜூன் 17-ல் பறந்தது. ஓட்டியவர் சோதனை விமானி சுரஞ்சன் தாஸ். 1970 ஜனவரியில் அதே ரக விமானத்தின் சோதனையில்தான் அவர் உயிரும் போனது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். உடம்பு ஒலியைத் தாண்டுகிற மாதிரிதான் செய்யப்பட்டது. அதற்கென்று நினைத்த எஞ்சின் வேறு. பிரிட்டனின் ஆர்ஃபியஸ் எஞ்சினில் இன்னும் பலமான, ஆஃப்டர்பர்னர் (எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான காற்றில் இன்னும் எரிபொருளை எரித்து வேகம் கூட்டுகிற அமைப்பு) வைத்த ரகம். அதை உருவாக்கி முடிக்கிற செலவை ஏற்க இந்தியா ஒப்பவில்லை. கடைசியில் நாட் என்ற சின்னப் போர் விமானத்தில் இருந்த ஆர்ஃபியஸ் குடும்பத்து எஞ்சினையே இரண்டாகப் பொருத்தினார்கள். ஒன்றுக்குச் சுமார் 2,200 கிலோ தள்ளுவிசை. பிறகு எகிப்துக்காரர்கள் செய்துகொண்டிருந்த எஞ்சின் ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம் என்று ஒரு மாருத்தை அங்கேயே அனுப்பினார்கள். 1969-ல் அந்தத் திட்டமும் நின்றது. ராஜதானி பெட்டியைச் செய்து வைத்துவிட்டு, ஷண்டிங் எஞ்சின்தான் கிடைக்கும், இதை வைத்து இழு என்றால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? பெட்டி மோசம் என்று சொல்வீர்களா?

மாருத் என்பது நம்ம மாருதம்தான், காற்று. வேதத்தில் மருத்துகள் புயலின் தேவர்கள். எங்கள் பிரிவில் இருந்த மதுரைக்காரர் ஒருவர் இதற்கு 'மந்த மாருதம்' என்று பேர் வைத்திருந்தார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். வடக்கத்தி ஆட்களுக்கு அந்தச் சிரிப்பை விளக்குவதற்குள் டீ ஆறிவிட்டது.

ஆனால் தரையை ஒட்டிப் பறக்கிற வேலைக்கு அந்த உடம்பு கச்சிதமாகப் பொருந்தியது. தாழ்வாகப் போகும்போது ஆட்டம் இல்லை, சட்டம் நல்ல உறுதி, எஞ்சின் இரண்டு. 1971 பாகிஸ்தான் போரில் இலக்கை அடித்துவிட்டு ஒரே எஞ்சினில் திரும்பி வந்தவை உண்டு. அதில் ஒன்று எதிரி எல்லைக்குள் சுமார் 240 கிலோமீட்டர் தூரத்திலிருந்து, துணைக்கு இன்னொரு விமானம் இல்லாமல் வந்து சேர்ந்தது. சென்னையிலிருந்து கிட்டத்தட்ட கிருஷ்ணகிரி தூரம். எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்கிற ஹைட்ராலிக் போனால் கட்டுப்பாடு தானாகக் கைபலத்துக்கு மாறிக்கொள்ளும், அப்படியே ஓட்டி வந்தவர்களும் உண்டு. பயிற்சி ரகத்தையும் சேர்த்து 147 விமானங்கள் செய்தார்கள். 1967-ல் படையில் சேர்ந்தது, 1990-ல் முழுக்க விலக்கினார்கள்.

ஆக, எதற்காகச் செய்தார்களோ அதில் தேறவில்லை. எந்த வேலைக்கு அனுப்பினார்களோ அதில் தேறியது. தோல்வி என்று எழுதுகிறவர்கள் முதல் வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு இரண்டாவது வரிதான் தெரியும், ஏனென்றால் நான் அதன் அடியில் படுத்து வேலை செய்தவன்.

*ராயபுரத்திலிருந்து ஒரு வாசகர்: லோங்கேவாலாவில் பாகிஸ்தான் டாங்கிகளைத் துவம்சம் செய்தது மாருத்தான் என்று என் மைத்துனர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?*

மைத்துனரோடு சண்டை வேண்டாம். ஆனால் 1971 போரில் ராஜஸ்தான் எல்லையிலிருக்கும் லோங்கேவாலாவில் பேர் வாங்கியது நம் விமானப்படையின் இன்னொரு போர் விமானமான ஹண்டர். ஜெய்சல்மேரிலிருந்து பொழுது விடிந்ததும் வந்து, திறந்த மணலில் ஒதுங்க இடமில்லாமல் நின்ற டாங்கிகளை அடித்தவை அவை. ஹண்டரிலும் இதே 30 மில்லிமீட்டர் ஏடன் பீரங்கி நாலு உண்டு. குழப்பம் வருவது இயல்பு. மாருத்துகள் அந்தப் போரில் ஜோத்பூர், உத்தர்லாய் பக்கமிருந்து ராஜஸ்தான் முனையில் வேலை பார்த்தன. டிசம்பர் 7-ல் ஸ்குவாட்ரன் லீடர் கே.கே. பக்ஷி மாருத்தில் இருந்தபடி பாகிஸ்தானின் சேபர் போர் விமானம் ஒன்றை வீழ்த்தினார் என்பது நம் விமானப்படைக் கணக்கு. மைத்துனருக்கு அதைச் சொல்லிக் கொடுங்கள், அவருக்கும் மரியாதை மிஞ்சும்.

*தண்டையார்பேட்டையிலிருந்து பத்தாவது படிக்கும் மாணவி: நீங்கள் மாருத் ஓட்டியிருக்கிறீர்களா தாத்தா?*

இல்லைம்மா. தள்ளியிருக்கிறேன். ஹேங்கரிலிருந்து வெளியே.

*காசிமேட்டிலிருந்து ஒரு போட் மெக்கானிக்: அண்ணே, எங்க போட்டுல இரும்பு எதுவா இருந்தாலும் உப்புக் காத்துல ஒரு வருஷத்துல போயிடுது. விமானம் அலுமினியம்தானே, அது துருப்பிடிக்காதே. வெளியில நிறுத்தி வெச்சா என்ன கெட்டுப்போகும்?*

தம்பி, அலுமினியம் செந்துரு பிடிக்காது, வெண்துரு பிடிக்கும். விமானத் தகடு சுத்த அலுமினியம் இல்லை, பலத்துக்காகச் செம்பு கலந்தது. பெயின்ட் உரிந்த இடத்தில் ஈரமும் உப்பும் பட்டால் வெள்ளை மாவு மாதிரி பூக்கும். அதைத் தட்டிவிட்டுப் பார்த்தால் கீழே குழி. இன்னும் முற்றினால் பரோட்டா மாதிரி அடுக்கடுக்காகப் பிரியும். அலுமினியத் தகட்டில் இரும்பு போல்ட் இருக்கிற இடத்தில் இது சீக்கிரம் வரும். ப்ரொப்பல்லர் பக்கத்தில் ஜிங்க் கட்டி வைத்து, அது கரையட்டும் மற்றது பிழைக்கட்டும் என்று விடுகிறீர்களே, அதே சமாசாரம்தான். ஒரு உலோகத்தை இன்னொன்று தின்னும்.

காட்சிக்கு நிற்கிற விமானத்துக்கு முதல் எதிரி மழை இல்லை, மழைத் தண்ணீர் தேங்குவது. விமானத்தின் அடிவயிற்றில் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும், உள்ளே இறங்குகிற தண்ணீர் வடிவதற்கு. பறக்கிற விமானத்தில் அதை நாங்கள் கம்பி விட்டுக் குத்திச் சுத்தமாக வைப்போம். நிற்கிற விமானத்தில் வேப்பிலையும் புழுதியும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். உள்ளே தண்ணீர் நின்று, வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளுக்குள் இற்றுப்போகும். இரண்டாவது எதிரி புறா. எஞ்சினுக்குக் காற்று போகிற வாயைக் கம்பி வலை போட்டு மூடாவிட்டால் ஒரே மாதத்தில் குடித்தனம் வந்துவிடும், அதன் எச்சம் தகட்டை அரிக்கும். மூன்றாவது டயர். வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் பாரம் தாங்கினால் வெடித்துச் சப்பையாகிவிடும். விவரம் தெரிந்தவர்கள் அடியில் ஸ்டாண்டு கொடுத்துப் பாரத்தை எடுத்துவிடுவார்கள்.

நான்காவதும் ஒன்று இருக்கிறது, பெயின்டர். ஓர் ஊரில், எந்த ஊர் என்று சொல்லமாட்டேன், பூங்காவில் நின்ற விமானத்துக்கு வீட்டு கேட்டுக்கு அடிக்கிற எனாமலை அடித்து வைத்திருந்தார்கள். வடிகால் ஓட்டை, ரிவெட் தலை, பேனல் இடுக்கு எல்லாவற்றையும் மூடி, மொழுக்கென்று பிறந்தநாள் கேக் மாதிரி. தூக்கிச் சாப்பிடலாம் போலிருந்தது. நான் சுற்றி வந்து பார்த்துவிட்டுப் பேசாமல் பஸ் ஏறிவிட்டேன்.

*எண்ணூரிலிருந்து ஓர் ஆசிரியை: வடசென்னைப் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு விமானத்தைக் கொண்டுவந்து, கடற்கரை ஓரமாகக் கம்பத்தில் ஏற்றி வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்? நீங்கள் எழுதக்கூடாதா?*

டீச்சர், ஆசை நல்ல ஆசைதான். ஆனால் எண்ணூர் கடற்கரையா? மேலே காசிமேட்டுத் தம்பிக்குச் சொன்னதை ஒரு முறை படியுங்கள். அதோடு, கம்பத்தில் ஏற்றுவது எனக்குப் பிடிக்காத வேலை. பறக்கிற மாதிரி தெரியும், வாஸ்தவம். பிள்ளைகளுக்குக் கழுத்து வலிதான் மிச்சம். தொட முடியாது, ரிவெட்டைப் பார்க்க முடியாது, சக்கரம் மடங்கி உள்ளே போகிற குழியைப் பார்க்க முடியாது. ஐ.சி.எஃப். பக்கத்து ரயில் அருங்காட்சியகத்தில் எஞ்சின் தரையில் நிற்கிறது. பிள்ளைகள் சக்கரத்தின் உயரத்தோடு தங்கள் உயரத்தை வைத்துப் பார்க்கிறார்கள். அப்படிக் கூரை போட்டுத் தரையில் நிறுத்துவதென்றால் கையெழுத்துப் போட முதல் ஆளாக வருகிறேன்.

*கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி: விமானி உட்காருகிற இடத்தை எப்போதும் மூடியே வைத்திருக்கிறார்களே, பிள்ளைகளை ஏறி உட்கார விட்டால் என்ன?*

அதில் இருப்பது மார்ட்டின் பேக்கர் இருக்கை. ஆபத்து என்றால் விமானியோடு சேர்ந்து வெடித்து மேலே கிளம்புகிற நாற்காலி. காட்சிக்கு வைக்கும் முன் வெடிமருந்தையெல்லாம் எடுத்துவிடுவார்கள், பயம் இல்லை. ஆனால் கண்ணாடி மூடியின் ரப்பர் ஓரம் பிய்ந்தால் மழை உள்ளே இறங்கும். அப்புறம் உங்கள் பிள்ளை ஒரு பொத்தான், அடுத்த பிள்ளை ஒரு பொத்தான் என்று வீட்டுக்கு எடுத்துப்போனால், ஒரு கோடை விடுமுறைக்குள் வெறும் ஓட்டைதான் நிற்கும்.

*பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து, 'உங்கள் தெருவுக்கு அடுத்த தெரு' என்று மட்டும் எழுதியிருக்கும் வாசகர்: குனிந்து பார் குனிந்து பார் என்கிறீர்களே சார், நீங்கள் போனால் குறிப்பாக எதைப் பார்ப்பீர்கள்?*

அடுத்த தெருவில் இருந்துகொண்டு ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பியிருக்கிறீர்கள். சரி, சொல்கிறேன்.

எங்க நைனா துறைமுகத்தில் விஞ்ச் ஓட்டியவர். எனக்கு 19 வயதில் தாம்பரத்தில் ஆள் எடுத்தார்கள், பயிற்சி முடிந்து ஜோத்பூர் போட்டார்கள். 1971 போர் முடிந்து சில வருஷம் ஆகியிருந்தது. மே மாதம் ஜோத்பூரில் பகல் 2 மணிக்கு விமானத் தகட்டில் கை வைத்தால் தோசைக்கல். கையில் துணி சுற்றிக்கொண்டுதான் வேலை. ஸ்பேனரையே நிழலில் வைக்காவிட்டால் பிடிக்க முடியாது.

கருவிகள் மாட்ட ஒரு பலகை இருக்கும். ஒவ்வொரு கருவிக்கும் பின்னால் அதன் உருவம் கறுப்பு பெயின்டில் வரைந்திருக்கும். மாலையில் வேலை முடிந்து எல்லாவற்றையும் மாட்டினால் கறுப்பு எதுவும் தெரியக் கூடாது. தெரிந்தால், அந்தக் கருவி விமானத்துக்குள் எங்கோ கிடக்கிறது என்று அர்த்தம். கண்டுபிடிக்கும் வரை விமானம் பறக்காது, ஆளும் வீட்டுக்குப் போக முடியாது. கட்டுப்பாட்டுக் கம்பிக்கு நடுவில் ஒரு ஸ்பேனர் சிக்கினால் போதும், ஒரு உயிர் போகும்.

ஒரு நாள் மாலை பலகையில் சின்ன ஸ்பேனர் ஒன்றின் கறுப்பு உருவம் தெரிந்தது. அன்று அந்தப் பலகைக்குக் கையெழுத்துப் போட்டவன் நான். பாக்கெட்டைத் துழாவினேன், இல்லை. சார்ஜென்ட் ஒரு வார்த்தை திட்டவில்லை. டார்ச்சைக் கையில் கொடுத்து, பகலில் திறந்த பேனல் எல்லாவற்றையும் திரும்பத் திற என்றார். ஒவ்வொரு பேனலுக்கும் இருபது முப்பது திருகு. மற்ற நாலு பேரும் எனக்காகச் சாப்பிடாமல் இருந்தார்கள். ராத்திரி பதினொன்றரைக்கு, வலது பக்கச் சக்கரக் குழிக்குள் தலையை விட்டு, சட்டத்துக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு விளிம்பில் விரலால் தடவினேன். ஜில்லென்று பட்டது. தகடெல்லாம் இன்னும் வெதுவெதுப்பாக இருக்க, அது மட்டும் ஜில்லென்று இருந்த மாதிரிதான் இன்றைக்கும் ஞாபகம். சூடு ஆறாத இடத்தில் அது எப்படி ஜில்லென்று இருக்கும் என்று என் மனைவி கேட்பாள். எனக்கும் தெரியாது.

போன வருஷம் பேத்தியைக் கூட்டிக்கொண்டு பெங்களூரு போனேன். பெரம்பூரில் நிற்கிற வண்டியாகப் பார்த்து ஏறி, கிருஷ்ணராஜபுரத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்தோம். அந்தப் பக்கம் ஓல்ட் மெட்ராஸ் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சாலைக்கு சுரஞ்சன் தாஸ் பெயர். ஆட்டோக்காரரிடம் அவர் யார் என்று சொல்லிக்கொண்டே வந்தேன், அவர் மீட்டரைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அருங்காட்சியகத்தில் மாருத் வெளியே நிற்கிறது. பேத்தி மிக்-21 பக்கம் ஓடிவிட்டாள். நான் இவன் அடியில் குனிந்தேன், முட்டி சத்தம் போட்டது. வலது சக்கரக் குழிக்குள் கையை விட்டு அந்த விளிம்பைத் தடவினேன். அதே விமானம் இல்லை என்று தெரியும். ஆனாலும் கை தானாகப் போய்விட்டது. புழுதி, ஒரு காய்ந்த இலை, குளவிக்கூடு. பின்னால் விசில் கேட்டது. காவலர் வந்து, என்ன தேடுகிறீர்கள் என்று கன்னடத்தில் கேட்டார். ஸ்பேனர் என்றேன். அந்த மனிதர் என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அவரும் குனிந்து பார்த்தார்.